மெஷ் வைஃபையை வீட்டின் மெயின் ரூட்டராக மாட்டுவது எப்படி?

மெஷ் பெட்டிகளை (வீடு முழுவதும் ஒரே வைஃபையைப் பரப்ப, ஒன்றோடொன்று பேசி வேலை செய்யும் பல பெட்டிகள்) வாங்கி வந்து, ஃபைபர் கனெக்‌ஷன் கொடுத்தவர் மாட்டிவிட்டுப் போன பெட்டியில் ஒரு கேபிளைச் செருகி, ஆப் சொல்கிறபடி தட்டிக்கொண்டே போனால் கொஞ்ச நேரத்தில் நெட் வந்துவிடும். பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால் அப்படி மாட்டும்போது பழைய பெட்டியும் ரூட்டராக ஓடுகிறது, புதியதும் ரூட்டராக ஓடுகிறது. ஒரு ஊருக்கு இரண்டு நாட்டாமை. யூடியூப் பார்ப்பவருக்கு இதில் எந்த வித்தியாசமும் தெரியாது. வீட்டு சிசிடிவியை வெளியூரிலிருந்து பார்க்க வேண்டியவருக்கும், பிளேஸ்டேஷனில் நண்பர்களோடு விளையாடுபவருக்கும், ஒரு வைஃபையில் இருக்கும் பிரிண்டரை இன்னொரு வைஃபையிலிருந்து தேடுபவருக்கும் நன்றாகவே தெரியும்.

அதனால் இந்த விளக்கத்தில் பாதிக்கு மேல் மெஷ் பற்றியதே இல்லை. பழைய பெட்டியை என்ன செய்வது என்பதுதான் விஷயம். உதாரணத்துக்கு, நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் டிபி-லிங்க் டெகோவை எடுத்துக்கொள்கிறேன். வேறு கம்பெனி என்றால் மெனுவின் பெயர்கள் மாறும், வேலை இதேதான்.

வாங்கும் முன் பார்க்க வேண்டிய ஒன்று

அட்டைப்பெட்டியில் பெரிதாக 1200 என்று போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867 என்று இரண்டையும் கூட்டி ஏறத்தாழ வந்த எண் அது. எந்த போனிலும் அந்த வேகம் வராது. பார்க்க வேண்டியது பின்னால் இருக்கும் கேபிள் போர்ட்டின் வேகம். டெகோ இ4 மாடலில் இருப்பது 100 எம்பிபிஎஸ் போர்ட். எம்4, எஸ்4 மாடல்களில் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ் போர்ட். நீங்கள் 200 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டிக்கொண்டு இ4 வாங்கினால், ஸ்பீடு டெஸ்ட் 95-ஐத் தாண்டாது. இது தெரியாமல் லைனில்தான் கோளாறு என்று கஸ்டமர் கேருக்கு போன் போடுகிறவர்கள் உண்டு.

படி 1: சுவரில் இருக்கும் பெட்டியை அடையாளம் காணுங்கள்

மெல்லிய ஃபைபர் ஒயர் வந்து நுழையும் பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர். கண்ணாடி இழையில் வரும் ஒளியை, கேபிளில் போகிற சிக்னலாக மாற்றுவது அதன் வேலை. மெஷ் பெட்டியில் ஃபைபரைச் செருக இடமே கிடையாது. ஆகவே ஓஎன்டியைக் கழற்றி வீச முடியாது, அது இருந்தே ஆக வேண்டும். அந்த ஃபைபர் ஒயரைப் பிடுங்கிப் பார்க்கவோ, சுவரோடு சேர்த்து மடக்கவோ வேண்டாம். சட்டென்று வளைத்தால் ஒளி கசிந்து, எல்ஓஎஸ் (LOS, சிக்னல் வரவில்லை என்று அர்த்தம்) என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரியும்.

ஓஎன்டி செய்யும் வேலை மூன்று: ஒளியை மாற்றுவது, ரூட்டராக இருப்பது, வைஃபை பரப்புவது. இதில் முதல் வேலையை மட்டும் அதனிடம் விட்டுவிட்டு, மற்ற இரண்டையும் பறித்து மெஷ்ஷிடம் கொடுக்கப் போகிறோம்.

பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முகவரி இருக்கும். பல பெட்டிகளில் 192.168.1.1, ஜியோவில் 192.168.29.1. பழைய வைஃபையில் இருந்தபடியே பிரவுசரில் அதைத் திறந்து லாகின் செய்து, வான் (WAN, வெளியிலிருந்து வரும் இன்டர்நெட் இணைப்பு) என்ற பக்கத்துக்குப் போங்கள். அங்கே பிபிபிஓஇ என்று இருந்தால் உங்கள் கனெக்‌ஷனுக்கு யூசர்நேமும் பாஸ்வேர்டும் உண்டு என்று அர்த்தம். டிஎச்சிபி அல்லது டைனமிக் ஐபி என்று இருந்தால் அவை தேவையில்லை. எதையும் மாற்றுவதற்கு முன் அந்தப் பக்கம் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னால் பழையபடி திரும்ப வேண்டிவந்தால் அதுதான் கைகொடுக்கும்.

படி 2: பழைய பெட்டியை என்ன செய்யலாம்?

நல்ல வழி பிரிட்ஜ் மோட். ஓஎன்டி வெறும் பாலமாகிவிடும், இன்டர்நெட் நேராக மெஷ்ஷுக்கு வந்து சேரும். பிஎஸ்என்எல் ஃபைபரைப் பல ஊர்களில் லோக்கல் பார்ட்னர்கள்தான் கவனிக்கிறார்கள். அவருக்கு ஒரு போன் போட்டு "பிரிட்ஜ் பண்ணிக் கொடுங்கண்ணே" என்றால் பெரும்பாலும் புரிந்துகொள்வார். அப்போது மூன்று விஷயங்களைச் சேர்த்துக் கேளுங்கள்.

முதலாவது, ஓஎன்டியின் எந்த லேன் போர்ட்டில் (கேபிள் செருகும் துளை) பிரிட்ஜ் செய்திருக்கிறார் என்பது. பல ஓஎன்டிகளில் முதல் போர்ட்டுக்கு மட்டும்தான் செய்வார்கள். நீங்கள் இரண்டாவதில் செருகிவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் நெட் வராது. இரண்டாவது, விலான் எண்ணை (லைனில் வரும் இன்டர்நெட்டைத் தனியாக அடையாளம் காணக் கம்பெனி போடும் எண்) ஓஎன்டியிலேயே போட்டிருக்கிறாரா, ரூட்டரில் போட வேண்டுமா என்பது. ஓஎன்டியிலேயே இருந்தால் நீங்கள் அதை மறந்துவிடலாம். மூன்றாவது, வீட்டில் லேண்ட்லைன் போன் இருந்தால், போனுக்கான இணைப்பைத் தொடாமல் இன்டர்நெட்டை மட்டும் பிரிட்ஜாக மாற்றச் சொல்லுங்கள்.

பிரிட்ஜ் கிடைக்காத கனெக்‌ஷனும் உண்டு. அப்போது ஓஎன்டியின் வைஃபையை மட்டும் அணைத்துவிட்டு, அதன் டிஎம்இசட் (DMZ) பக்கத்தில் மெஷ்ஷின் ஐபியை, அதாவது ஓஎன்டி அதற்குக் கொடுத்திருக்கும் முகவரி எண்ணைக் கொடுங்கள். அந்த ஐபி மாறாமல் இருக்க, அட்ரஸ் ரிசர்வேஷனில் பதிந்து வைக்க வேண்டும். இரண்டு ரூட்டர்கள் ஓடத்தான் செய்யும், ஆனால் வெளியிலிருந்து வருவதை எல்லாம் ஓஎன்டி வழிமறிக்காமல் மெஷ்ஷுக்கு அனுப்பிவிடும்.

மூன்றாவது வழி, மெஷ்ஷை ஆக்ஸஸ் பாயின்ட் மோடில் போட்டு, ரூட்டர் வேலையைப் பழைய பெட்டியிடமே விடுவது. தவறான வழி இல்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய பேரன்ட்டல் கன்ட்ரோல் போன்ற வசதிகளில் பல அந்த மோடில் வேலை செய்யாது. எனக்கு அது கடைசி வழி.

படி 3: யூசர்நேம், பாஸ்வேர்ட் கையில் இருக்கட்டும்

பிரிட்ஜ் ஆன நொடியிலிருந்து ஓஎன்டி லாகின் செய்யாது, மெஷ்தான் செய்யும். அதனால் பிபிபிஓஇ யூசர்நேமும் பாஸ்வேர்டும் உங்களிடம் வந்த பிறகே பிரிட்ஜ் செய்யச் சொல்லுங்கள். வரிசை மாறினால் வீட்டில் நெட்டும் இருக்காது, பார்ட்னர் போனை எடுக்கும்வரை வேறு வழியும் இருக்காது. யூசர்நேமில் அட் குறிக்குப் பின்னால் வரும் பகுதியும் சேர்ந்ததுதான் யூசர்நேம், அதை விட்டுவிடாதீர்கள். போனில் சொல்லக் கேட்டு எழுதாமல் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பெரிய எழுத்தா, சிறிய எழுத்தா, ஓவா, பூஜ்யமா என்ற குழப்பம் எல்லாம் அதில் தீர்ந்துவிடும்.

படி 4: முதல் பெட்டி

முதலில் ஒரு நெட்வொர்க் கேபிள் வேண்டும், அதுவும் கேட்5இ அல்லது கேட்6 வகை. ஓஎன்டியின் பிரிட்ஜ் போர்ட்டிலிருந்து ஒரு மெஷ் பெட்டிக்குச் செருகுங்கள். டெகோ எம்4 போன்றவற்றில் பெட்டிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், எதை வேண்டுமானாலும் மெயினாக எடுக்கலாம், எந்தப் போர்ட்டில் வேண்டுமானாலும் செருகலாம். கூகுள் நெஸ்ட் வைஃபையில் ரூட்டர் தனி, பாயின்ட் தனி. அங்கே பார்த்து எடுக்க வேண்டும்.

இப்போது ஓஎன்டியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பிறகு மெஷ்ஷுக்கு கரன்ட் கொடுங்கள். டெகோவில் விளக்கு முதலில் மஞ்சளாக மினுக்கும், கொஞ்ச நேரத்தில் நீலமாக மினுக்கும். நீலம் வந்தால்தான் அது உங்களுக்காகக் காத்திருக்கிறது. மஞ்சளில் இருக்கும்போதே ஆப்பைத் தட்டிக்கொண்டிருந்தால் பெட்டியைக் காணவில்லை என்றுதான் சொல்லும்.

போனில் டெகோ ஆப்பைப் போட்டு, கணக்கு தொடங்கி, மாடலைத் தேர்ந்தெடுங்கள். நெட் இல்லாத நேரம் என்பதால் போனில் மொபைல் டேட்டா வேண்டும். சில மாடல்கள் புளூடூத்தில் பேசும். சிலவற்றில் அடியில் எழுதியிருக்கும் வைஃபை பெயரில் நாமே போய் இணைய வேண்டும். லொக்கேஷன் அனுமதி கேட்டால் கொடுங்கள், பக்கத்தில் இருக்கும் வைஃபையைத் தேட ஆண்ட்ராய்டுக்கு அது தேவை.

கனெக்‌ஷன் வகை கேட்கும் இடத்தில் பிபிபிஓஇ என்று கொடுத்து விவரங்களை ஒட்டுங்கள். உடனே இணையாவிட்டால் பதற வேண்டாம். ஓஎன்டி முன்பு செய்திருந்த லாகின் அங்கே சர்வரில் இன்னும் உயிரோடு இருக்கலாம். ஒரு கணக்குக்கு ஒரு லாகின்தான் என்று வைத்திருக்கும் இடங்களில் பழையது விழும்வரை புதியதை விடாது. பத்து நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள். டைனமிக் ஐபி கனெக்‌ஷனில் இதே மாதிரி நின்றால், பழைய ரூட்டரின் மேக் அட்ரஸை (ஒவ்வொரு சாதனத்துக்கும் உரிய அடையாள எண்) மட்டுமே அனுமதிக்கும்படி கட்டிவைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஆப்பில் மேக் குளோன் என்று ஓர் இடம் இருக்கிறது, அங்கே பழைய அட்ரஸைக் கொடுத்துப் பாருங்கள்.

படி 5: பழைய பெயரையே வையுங்கள்

புது வைஃபைக்குப் பெயர் கேட்கும்போது புதுப்பெயர் யோசிக்காதீர்கள். பழைய வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள். டிவி, கேமரா, ஸ்மார்ட் பல்பு, அப்பாவின் போன் எல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஓஎன்டியின் வைஃபை அணைந்திருக்க வேண்டும். பிரிட்ஜ் செய்தாலும் சில பெட்டிகளில் வைஃபை எரிந்துகொண்டேதான் இருக்கும். அதில் மாட்டிக்கொண்ட போனில் சிக்னல் முழுதாகக் காட்டும், நெட் வராது.

பாதுகாப்புக்கு டபிள்யூபிஏ2 போதும். டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய பிரிண்டரும் மலிவு ஸ்மார்ட் பிளக்கும் இணையாது.

படி 6: துணைப் பெட்டிகளை எங்கே வைப்பது?

எல்லோரும் செய்வது, சிக்னலே வராத மூலையில் கொண்டுபோய் வைப்பது. அந்த மூலையில் போனுக்கே வராத சிக்னல் அந்தப் பெட்டிக்கு மட்டும் எப்படி வரும்? மெயினுக்கும் அந்த மூலைக்கும் நடுவில் வையுங்கள்.

நம் வீடுகளின் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒன்றை 5 கிகாஹெர்ட்ஸ் தாண்டும், இரண்டில் திணறும். கம்பி கட்டிய கான்கிரீட் தளம் அதைவிட மோசம். மாடி வீட்டுக்கு ஒரு வழி உண்டு: மாடிப்படி. படி ஏறும் இடத்தில் தளம் திறந்திருக்கும், சிக்னல் அந்தச் சந்து வழியாக மேலே ஏறும். கீழே மெயின் பெட்டி படியைப் பார்த்தபடி, மேலே துணைப் பெட்டி படி முடியும் இடத்தில் ஒரு ஸ்டூல் மேல். இரும்பு பீரோவுக்குப் பின்னாலும், ஃபிரிட்ஜ் மேலும், டிவிக்குப் பின்னாலும் வைக்காதீர்கள். லாஃப்டில் பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவே ஒளித்து வைத்தால் பார்க்க அழகு, பலன் பூஜ்யம்.

சேர்ப்பது எளிது. முதலில் மெயினுக்குப் பக்கத்திலேயே வைத்துச் சேர்த்துவிட்டு, பிறகு இடத்துக்குக் கொண்டுபோங்கள். விளக்கு வெள்ளை அல்லது பச்சையாக நிலைத்தால் சரி. சிவப்பு மினுக்கினால் மெயினோடு தொடர்பு அறுந்துவிட்டது, கொஞ்சம் அருகே நகர்த்துங்கள்.

இரண்டு பேண்ட் மட்டும் உள்ள மெஷ்ஷில், துணைப் பெட்டி மெயினோடு பேசுவதும் உங்கள் போனோடு பேசுவதும் அதே ரேடியோவில்தான். அதனால் மாடியில் வேகம் பாதியாகக் குறைவது இயல்பு. அது பிடிக்காவிட்டால் கேபிள் இழுங்கள். பழைய கேபிள் டிவி ஒயர் போன பைப் சுவருக்குள் இருந்தால் அதிலேயே கேட்6 இழுக்கலாம். கரன்ட் ஒயர் போகும் பைப்பில் மட்டும் வேண்டாம். அந்தக் கேபிள் மெயின் மெஷ் பெட்டியிலிருந்து போக வேண்டும். நேராக ஓஎன்டியிலிருந்து இழுத்தால், துணைப் பெட்டி மெயினுக்குப் பின்னால் இல்லாமல் பக்கத்தில் நிற்கும், எதுவும் சரியாக ஓடாது.

படி 7: சரியாக மாட்டியிருக்கிறோமா?

ஆப்பில் இன்டர்நெட் ஐபி என்று ஓர் எண் காட்டும். அது 192.168 என்று தொடங்கினால் பழைய பெட்டி இன்னும் ரூட்டராகத்தான் இருக்கிறது, பிரிட்ஜ் ஆகவில்லை. 100.64-இலிருந்து 100.127 வரைக்குள் வந்தால் உங்கள் வேலை சரி. கம்பெனி ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. வெளியிலிருந்து நேராக வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்றால் அவர்களிடம் ஸ்டேட்டிக் ஐபி வாங்க வேண்டும், ரூட்டரில் போர்ட் திறந்து பயனில்லை. 10 என்றோ, 172.16-இலிருந்து 172.31 வரைக்குள்ளோ தொடங்கினால் அதுவும் பொது ஐபி இல்லை. வேறு எண் என்றால் அநேகமாகப் பொது ஐபிதான். ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) டெகோவில் அணைந்திருக்கலாம். உங்கள் கம்பெனி தருகிறது என்றால் அட்வான்ஸ்டு பக்கத்தில் போய்ப் போட்டுவிடுங்கள்.

ஸ்மார்ட் பிளக் ஏதாவது இணைய மறுத்தால், அது 2.4 மட்டும் தெரிந்த சாதனமாக இருக்கும். வைஃபை செட்டிங்கில் 5 கிகாஹெர்ட்ஸைக் கொஞ்ச நேரம் அணைத்து, பிளக்கைச் சேர்த்துவிட்டு, மறுபடி போடுங்கள்.

கரன்ட் போனால் நெட் நிற்கக் கூடாது என்றால் ரூட்டருக்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கலாம். இரண்டு அடாப்டர்களின் ஸ்டிக்கரிலும் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்ப் என்று பார்த்து, அதற்கு ஏற்றதாக எடுங்கள். ஓஎன்டியும் மெயினும் அதில் ஓடினால் போதும். துணைப் பெட்டிகள் கரன்ட் வந்ததும் தாமாகவே மெயினைத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.