இங்கிலாந்தில் முதல் பருவம்: முதுநிலைப் படிப்புக்குச் செல்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்

செப்டம்பர் மாதத்தில் ஒரு மாலை, இரண்டு பெரிய பெட்டிகளுடன் ஷெஃபீல்டு ரயில் நிலையத்தில் இறங்கினேன். அந்த நகரம் முழுவதும் மேடும் பள்ளமுமாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. நானும் யாரையும் கேட்டிருக்கவில்லை. அடுத்த ஓராண்டில் எனக்கு நேர்ந்த சிரமங்களில் பாதிக்கு மேல் இப்படிக் கேட்காமல் இருந்ததால் வந்தவைதான். நம் ஊர்க் கல்லூரியில் முகம் வாடியிருந்தால் ஆசிரியரே கூப்பிட்டு விசாரிப்பார். இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் உதவுவதற்கென்று ஆட்களும் அலுவலகங்களும் நிறையவே உண்டு என்றாலும், பெரும்பாலும் நாமாகச் சென்று கேட்டால்தான் அவர்கள் நம் பக்கம் திரும்புவார்கள்.

கேட்கும் வேலையைப் பெட்டி கட்டும்போதே தொடங்கிவிடலாம். விடுதி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, சமையலறையில் இருப்பது எந்த வகை அடுப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் வீட்டிலுள்ள அலுமினியக் குக்கர் அதில் சூடேறாது, விமான எடை அனுமதியில் அது வெறும் பாரமாகிவிடும். பொடி வகைகளையும் காய்கறி ஊறுகாயையும் தாராளமாக எடுத்துச் செல்லலாம். ஆனால் இறைச்சியையும் பால் பொருள்களையும் இந்தியாவிலிருந்து கொண்டுசெல்ல அனுமதியில்லை என்பதால், அம்மா ஆசையாக உருக்கிக் கொடுக்கும் நெய்யும் பால்கோவாவும் வீட்டிலேயே தங்கிவிட வேண்டியவை. அங்குள்ள மின்செருகியின் மூன்று முனைகளும் செவ்வக வடிவில் இருக்கும். இரண்டு அடாப்டர்களும் ஒரு நீள எக்ஸ்டென்ஷன் பெட்டியும் போதும். பல்லில் சொத்தை இருந்தால் இங்கேயே அடைத்துவிட்டுக் கிளம்புங்கள், ஏனென்றால் அங்கே அரசுத் திட்டத்தின் கீழ் பல் மருத்துவர் கிடைப்பது பெரும்பாடு.

இறங்கிய முதல் இரண்டு வாரங்கள் ஆவணங்களுக்கானவை. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது நகரும் என்பதால் இவற்றை வரிசையாகச் செய்ய வேண்டும். விசா இப்போது மின்வடிவில் இருக்கிறது; உங்கள் யூகேவிஐ (பிரிட்டன் விசா, குடிவரவுத் துறை) இணையக் கணக்கில் அது சரியாகத் தெரிகிறதா, கடவுச்சீட்டு எண் அதனுடன் இணைந்திருக்கிறதா என்று புறப்படும் முன்பே பார்த்துவிடுங்கள். வீட்டு உரிமையாளரோ வேலை கொடுப்பவரோ உங்கள் விசா நிலையைச் சரிபார்க்க ‘ஷேர் கோடு’ கேட்பார்கள். அதை அந்தக் கணக்கிலிருந்து நீங்களே எடுத்துக் கொடுக்கலாம், 90 நாட்களுக்குச் செல்லும். அடுத்ததாகப் பல்கலைக்கழகத்தில் பதிவை முடித்து, உங்கள் முகவரியுடன் கூடிய மாணவர் சான்றுக் கடிதம் வாங்குங்கள். வங்கிக் கணக்குக்கு அந்தக் கடிதம் தேவைப்படும், கணக்கு திறந்து அட்டை கைக்கு வரச் சில வாரங்கள்கூட ஆகலாம். அதுவரை செலவுக்கு ஃபாரெக்ஸ் (வெளிநாட்டு நாணய) அட்டையில் பணம் வைத்திருப்பது நல்லது. முழுநேர மாணவர்களுக்குக் கவுன்சில் வரி எனப்படும் உள்ளாட்சி வரியிலிருந்து விலக்கு உண்டு. தனி வீட்டில் தங்கி, வரி கேட்டுக் கடிதம் வந்தால், பதறாமல் மாணவர் சான்றை அனுப்பி விலக்குக் கோருங்கள்.

விசாவுக்கு விண்ணப்பித்தபோது, ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம் மருத்துவக் கட்டணம் செலுத்தியிருப்பீர்கள். அவ்வளவு பணம் கட்டியும், அருகிலுள்ள ஜிபி (பொது மருத்துவர்) மருத்துவமனையில் பெயர் பதிவு செய்யாமலே ஆறு மாதம் ஓட்டிவிடும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் வந்த பிறகு பதிவு செய்யலாம் என்று இருந்தால், படிவம் நிரப்பி முடிப்பதற்குள் காய்ச்சலே போய்விடும். பதிவுக்குக் கட்டணமில்லை. மருத்துவரைப் பார்ப்பதற்கும் கட்டணமில்லை. எழுதித் தரும் மருந்து ஒவ்வொன்றுக்கும் 9.90 பவுண்டு கொடுக்க வேண்டும். அவசரம்தானா என்று தெரியாத நிலையில் 111, உயிருக்கு ஆபத்து என்றால் 999 என்ற எண்ணை அழையுங்கள்.

தனி வீடு எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது முன்பணம். இங்கிலாந்துச் சட்டப்படி, சாதாரண வாடகை வீடுகளில் ஐந்து வார வாடகைக்கு மேல் அதைக் கேட்கக் கூடாது; வாங்கியதை 30 நாட்களுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் பதிவு செய்தாக வேண்டும். எந்தத் திட்டத்தில் பதிவு செய்திருக்கிறார்கள் என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குடிபுகும் நாளன்றே சுவர், தரை, மெத்தை எல்லாவற்றையும் படம் எடுத்து உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால், வெளியேறும்போது பழைய கறைக்கு உங்களிடம் பணம் பிடிக்க முடியாது. அறையையே பார்க்காமல், இணையத்தில் படத்தை மட்டும் நம்பி யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள். குளிர்காலத்தில் ஈரத்துணியை அறைக்குள் உலர்த்திவிட்டு ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தால், டிசம்பருக்குள் சுவரில் கரும்பூஞ்சை படர்ந்துவிடும்.

சமையலறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வந்து பத்தாம் நாள், ரசத்துக்குக் காய்ந்த மிளகாய் தாளித்தேன். எண்ணெய் அதிகமாகக் காய்ந்துவிட்டதால் மிளகாய் கருகி, புகை கண்ணை எரித்தது. நம் வீட்டு வழக்கப்படி உடனே கட்டடத்தின் உள் நடைபாதைக்கான கதவைத் திறந்து, அது மூடாதபடி ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்தேன். அரை நிமிடத்தில் கட்டடம் முழுவதும் அபாய மணி அலறியது. இரவு ஒன்பது மணிக் குளிரில், ஈரத் தலையோடு ஒருவர், போர்வையோடு ஒருவர் என்று விடுதியே வாகன நிறுத்தத்தில் வந்து நின்றது. சமையலறையில் இருந்தது வெப்பத்தை உணரும் கருவி, நடைபாதையில் இருந்ததுதான் புகையை உணரும் கருவி என்பதைக் காவலர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். பெரும்பாலான விடுதிகளில் இதே அமைப்புதான். ஆகவே தாளிக்கும்போது கதவை மூடி, ஜன்னலைத் திறந்து, அடுப்பின் மேலுள்ள புகைபோக்கியைப் போட்டுவிட்டு, மிதமான சூட்டில் தாளியுங்கள். மறுநாள் எதிர் அறை மாணவர்களிடம் மன்னிப்புக் கேட்கப் போனதில்தான் எனக்கு அந்த விடுதியில் முதல் நண்பர்கள் கிடைத்தார்கள்.

வகுப்பறைக்கு வருவோம். ஆசிரியரை அங்கே பெயர் சொல்லியே அழைப்பார்கள். ‘சார்’ என்ற சொல்லை விட எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. செமினார் எனப்படும் கலந்துரையாடல் வகுப்பில் அமைதியாக இருப்பதை அங்கே யாரும் அடக்கம் என்று எடுத்துக்கொள்வதில்லை, படிக்காமல் வந்திருக்கிறார் என்றே நினைப்பார்கள். வாரத்தில் குறிப்பிட்ட நேரத்தை மாணவர்களைச் சந்திப்பதற்கென்றே ஆசிரியர்கள் ஒதுக்கியிருப்பார்கள். அந்த நேரத்தில் பெரும்பாலும் யாரும் வராமல் அவர்கள் தனியாகத்தான் அமர்ந்திருப்பார்கள் என்பதால், கட்டுரையின் வரைவை ஒரு பக்கத்துக்குச் சுருக்கி எடுத்துக்கொண்டு போங்கள்.

மதிப்பெண்ணைக் கண்டு மனம் உடைய வேண்டாம். முதுநிலையில் வழக்கமாக 50 தேர்ச்சி, 60 நல்ல தரம், 70 உயர்சிறப்பு. 80ஐத் தொடுவது அபூர்வம். ஊரில் 85 வாங்கிப் பழகிய எனக்கு முதல் கட்டுரையில் 54 கிடைத்தது, ஓரத்தில் ‘இதில் உங்கள் வாதம் எது?’ என்ற கேள்வியும் இருந்தது. பத்து அறிஞர்கள் சொன்னதை அழகாகத் தொகுத்திருந்தேனே தவிர, அவர்களில் யார் சொல்வதை ஏற்கிறேன், ஏன் ஏற்கிறேன் என்று ஒரு வரிகூட நான் எழுதியிருக்கவில்லை. பிறருடைய கருத்தை மேற்கோள் முறைப்படி குறிப்பிடாவிட்டால், தெரியாமல் செய்தாலும் அது கருத்துத் திருட்டாகவே கொள்ளப்படும். பணம் வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதித் தருவதாக வாட்ஸ்அப்பில் வருபவர்களைத் தவிர்த்துவிடுங்கள்; அந்தத் தொழில் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்கிலாந்தில் குற்றம். உடல்நலக் குறைவால் கட்டுரை தாமதமாகும் என்று தெரிந்தால், கெடு முடிவதற்கு முன்பே கூடுதல் அவகாசம் கேளுங்கள். கெடு கடந்துவிட்டால் பல பல்கலைக்கழகங்களில் நாளுக்கு இத்தனை மதிப்பெண் என்று குறைத்துக்கொண்டே போவார்கள்.

பகுதிநேர வேலையில் பலர் தவறி விழும் இடங்கள் இரண்டு. பட்ட, முதுநிலை மாணவர்களுக்குப் பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரம் என்பதே பொது வரம்பு. அது சராசரிக் கணக்கில் வராது, திங்கள் முதல் ஞாயிறு வரையிலான ஒவ்வொரு வாரத்துக்கும் தனித்தனியாகப் பொருந்தும். கோடையில் முழுநேரம் வேலை செய்யலாம் என்று ஓராண்டு முதுநிலை மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஆய்வேடு எழுதும் அந்த மாதங்களும் பொதுவாகப் பருவ காலமாகவே கணக்கிடப்படும். இரண்டாவது, செயலி வழி உணவு விநியோகம். அது சுயதொழில் என்பதால் மாணவர் விசாவில் அனுமதியில்லை. இன்னொருவர் பெயரிலுள்ள கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது அதைவிடப் பெரிய ஆபத்து. அதேபோல், உங்கள் வங்கிக் கணக்கில் பணம் போட்டு எடுத்துக்கொள்கிறேன், உனக்கும் ஒரு பங்கு தருகிறேன் என்று எவர் கேட்டாலும், அவர் நம் ஊர்க்காரராகவே இருந்தாலும், மறுத்துவிடுங்கள். அது பணமோசடிக் குற்றத்தில் முடியும்.

அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதன் பிறகு நாள் சட்டென்று சுருங்கி, டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். இந்த இருட்டு மனத்தை அழுத்தும். எனக்கு நவம்பரில் காலையில் எழுந்திருப்பதே போராட்டமாக இருந்தது. நண்பகல் வெளிச்சத்தில் அரை மணி நேரமாவது நடப்பதும், குளிர்கால மாதங்களில் நாளுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுப்பதும் உதவும். பின்னதை அங்குள்ள அரசு மருத்துவத் துறையே பரிந்துரைக்கிறது. அழுத்தம் வாரக்கணக்கில் நீடித்தால் பல்கலைக்கழக ஆலோசகரிடம் நேரம் கேளுங்கள், கட்டணம் கிடையாது. லண்டனுக்குப் போக முடிந்தால் ஒரு சனிக்கிழமை ஈஸ்ட் ஹாம் பக்கம் சென்று வாருங்கள். முருங்கைக்காய் வாங்கிவிட்டு, சூடாகத் தோசை சாப்பிட்டு, கடைக்காரரிடம் யாழ்ப்பாணத் தமிழில் நலம் விசாரிக்கப்பட்டுத் திரும்பினால் இரண்டு வாரத்துக்குத் தாங்கும். 16–25 ரயில் அட்டை இருந்தால் பயணக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 25 வயதைக் கடந்த முழுநேர மாணவர்களும் அதைப் பெறலாம்.

டிசம்பர் நடுவில் விடுதி காலியாகத் தொடங்கும். உள்ளூர் நண்பர் யாராவது கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு அழைத்தால் தயங்காமல் போங்கள். அங்கேயே தங்குவதானால், 25ஆம் தேதி ரயில்கள் ஓடா, பேருந்துகள் அனேகமாக இரா, பெரிய கடைகள் சட்டப்படியே மூடியிருக்கும். 24ஆம் தேதி பிற்பகலுக்குள் பாலும் ரொட்டியும் காய்கறியும் வாங்கி வைத்துவிட்டு, விடுதியில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று கதவைத் தட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.