ஜிஎஸ்டி கணக்குக்குக் கேட்கும் கூலி நியாயமா என்று பார்ப்பது எப்படி

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சின்னதாகக் கடை வைத்திருப்பவர்கள் முதலில் ஆண்டு விற்பனையைக் கூட்டிப் பாருங்கள், பொருள் மட்டும் விற்று 40 லட்சத்தைத் தாண்டாவிட்டால் பெரும்பாலும் ஜிஎஸ்டி பதிவே கட்டாயமில்லை. தாண்டினாலும் ஒன்றரைக் கோடி வரை காம்போசிஷன் திட்டம் (சிறு வணிகருக்கான எளிய வரி முறை) உண்டு: வரி 1 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒரு சிஎம்பி-08 (வரி கட்டும் படிவம்), ஆண்டுக்கு ஒரு ஜிஎஸ்டிஆர்-4 (ஆண்டுக் கணக்குப் படிவம்). ஆக மொத்தம் ஐந்து படிவம்தான், இதற்குக் கணக்கு எழுதுபவர் பன்னிரண்டு மாதமும் கூலி கேட்டால் அது அநியாயம், தயங்காமல் கேளுங்கள். (ஓசூர் தாண்டி கர்நாடகத்துக்குச் சரக்கு விற்றால் இந்த இரண்டு சலுகையும் கிடையாது.)

அரசு தளத்தில் ரிட்டர்ன் போடக் கட்டணமே இல்லை, நீங்கள் கொடுப்பது கணக்கு எழுதுபவரின் உழைப்புக்கு மட்டும். எத்தனை பில், எத்தனை படிவம் என்று எண்ணிப் பேசுங்கள். அப்புறம், வரி கட்டிய சலானைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், ஓடிபி உங்கள் செல்லுக்கே வரட்டும்.