உறுமி மேளப் பாடலுக்கு ஹை-ரெஸ் மாஸ்டர் தயாரிக்கும் முறை

தைப்பூசம் நெருங்கும்போது கோலாலம்பூரின் சிறிய ஒலிப்பதிவுக் கூடங்களில் முருகன் பாடல்களும் உறுமி மேளப் பாடல்களும் அடுத்தடுத்துப் பதிவாகின்றன. அவற்றை ஆப்பிள் மியூசிக், டைடல் போன்ற தளங்களுக்கு ஹை-ரெஸ் தரத்தில் (சிடியைவிட நுட்பமான ஒலித் தரம்) அனுப்ப விரும்புவோர், அந்தத் தரம் ஒலிப்பதிவின்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது என்பதை முதலில் ஏற்க வேண்டும். மைக்கில் பிடிபடாத எதையும் இறுதிக் கோப்பில் சேர்க்க இயலாது.

ஆகவே பாடல் எந்த சாம்பிள் ரேட்டில் (ஒரு நொடியில் ஒலி எத்தனை முறை அளக்கப்படுகிறது என்ற எண்ணிக்கை) பதிவாகி மிக்ஸ் செய்யப்பட்டதோ, அதே ரேட்டில்தான் மாஸ்டரும் (வெளியீட்டுக்கான இறுதிக் கோப்பு) இருக்க வேண்டும். ஆப்பிள் மியூசிக் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை ஏற்று ஒலிபரப்புகிறது என்பதற்காக, 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவான பாடலை 96-க்கு உயர்த்தி அனுப்புவது வீண் வேலை. ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பார்த்தால் 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெறுமையாக இருப்பது உடனே தெரிந்துவிடும். நான்கு நிமிடப் பாடலின் கோப்பு மட்டும் ஏறத்தாழ 138 மெகாபைட்டாகப் பெருத்திருக்கும். 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் நேர்மையாக அமைந்த மாஸ்டர் இதைவிட மேலானது என்பதே என் கருத்து.

நம் ஊரில் தரம் கசியும் இடம் பெரும்பாலும் வாட்ஸ்அப்தான். பினாங்கில் பாடியவர் தம் குரலை வாய்ஸ் நோட்டாக அனுப்பினால், அது சுருக்கப்பட்ட வடிவில்தான் வந்து சேரும். டாக்குமெண்ட் என்ற வழியிலோ கூகுள் டிரைவ் வழியாகவோ மூல வேவ் கோப்பையே கேட்டு வாங்க வேண்டும். இணையத்தில் எடுத்த எம்பி3 லூப்புகள் மிக்ஸில் இருந்தால் அவற்றையும் இப்போதே மாற்றிவிடுவது நல்லது.

மிக்ஸை ஏற்றுமதி செய்யும்போது மாஸ்டர் பஸ்ஸில் (எல்லாத் தடங்களும் ஒன்றுசேரும் இறுதிப் பாதை) உள்ள லிமிட்டரை (ஒலியின் உச்சங்களை அடக்கும் கருவி) நீக்கிவிட்டு, 24 பிட் அல்லது 32 பிட் ஃப்ளோட் வேவ் கோப்பாக, உச்ச அளவு ஏறக்குறைய மைனஸ் 6 டெசிபலில் நிற்கும்படி எடுக்கலாம். 24 பிட்டின் கோட்பாட்டு வீச்சு, அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான தூரம், 144 டெசிபல். 16 பிட்டிலோ 96 மட்டுமே. எனவே சற்றுத் தாழ்ந்த அளவில் எடுத்தால் இரைச்சல் கூடிவிடும் என்று அஞ்சத் தேவையில்லை.

மாஸ்டரிங்கில் மிகுந்த பொறுமை கேட்பது ஒலி அளவு. உறுமியின் ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது எழும் இழுவையான முனகலும், மற்ற முகத்தில் விழும் அடியின் கூர்மையும் ஒன்றுக்கொன்று மாறானவை. லிமிட்டரை அழுத்தினால் அடி மழுங்கி, முனகல் முன்னே வந்து குரலை மூடிவிடும். "இன்னும் சத்தமாக வையுங்கள் அண்ணே" என்று குழுவினர் கேட்பது இயல்பே. ஆனால் ஸ்பாட்டிஃபை தன் வழக்கமான அமைப்பில் மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவிலும், ஆப்பிளின் சவுண்ட் செக் மைனஸ் 16 அளவிலும் பாடல்களைச் சமன் செய்கின்றன. மைனஸ் 8 அளவில் நெருக்கி அனுப்பிய பாடலை ஸ்பாட்டிஃபை 6 டெசிபல் இறக்கிவிடும். இழந்த அடியோ திரும்பி வராது. அதற்காக எல்லாப் பாடலையும் மைனஸ் 14-இல் நிறுத்த வேண்டும் என்று பொருளில்லை. அடி உயிரோடு இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். எண் அதன்பின் வரட்டும்.

ட்ரூ பீக் அளவை (ஒலி அலை உண்மையில் தொடும் உச்சம்) மைனஸ் 1 டெசிபலுக்கு மேல் விடக் கூடாது. தளங்கள் ஏஏசி, ஓக் வோர்பிஸ் போன்ற சுருக்க வடிவங்களுக்கு மாற்றும்போது உச்சங்கள் சற்றே எகிறும். இடைவெளி இல்லையென்றால் அங்கே ஒலி உடையும். மாஸ்டர் மைனஸ் 14 லஃப்ஸைவிடச் சத்தமாக இருந்தால் மைனஸ் 2 வரை இறக்குமாறு ஸ்பாட்டிஃபை பரிந்துரைக்கிறது. மேக் கணினி வைத்திருப்போர் ஆப்பிள் இலவசமாக வழங்கும் ஏஎஃப்கிளிப் கருவியால் இதைச் சோதிக்கலாம்.

பிட் ஆழத்தைக் குறைக்கும்போது (எடுத்துக்காட்டாக 24 பிட்டிலிருந்து 16-க்கு) மட்டும், அதுவும் கடைசிக் கட்டத்தில் ஒரே முறை, டிதர் எனப்படும் மிக மெல்லிய இரைச்சலைச் சேர்க்க வேண்டும்.

ஏற்றுமதி செய்த கோப்பை ப்ராஜெக்ட்டில் மீண்டும் கொண்டுவந்து, அதன் போலாரிட்டியைத் திருப்பி (ஒலி அலையைத் தலைகீழாக்கி), மூல மாஸ்டரோடு சேர்த்து ஒலிக்க விட்டால் ஏறக்குறைய முழு நிசப்தம் கிடைக்க வேண்டும். ஏதேனும் தெளிவாகக் கேட்டால் எங்கோ ஒரு பிளக்-இன் விட்டுப்போயிருக்கிறது அல்லது இரண்டு முறை இயங்கியிருக்கிறது. பிறகு ஹெட்போனில் முதலிலிருந்து இறுதிவரை கேளுங்கள். கோயில் மணியின் எதிரொலி முழுமையாக அடங்குமுன் கோப்பு வெட்டப்படுவது அடிக்கடி நேரும் குறை.

பதிவேற்றுவதற்கு முன், உங்கள் விநியோக நிறுவனம் 24 பிட் கோப்பை ஏற்கிறதா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாடல் தலைப்பையும் பாடகர் பெயரையும் தமிழிலும் ரோமன் எழுத்திலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அதே பாடகருக்கு இன்னொரு பக்கம் உருவாகிவிடக்கூடும். பாடலை மறுபடி ரீமிக்ஸ் செய்து வெளியிட்டால் அதற்குப் புதிய ஐஎஸ்ஆர்சி (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய தனி அடையாள எண்) குறியீடு பெற வேண்டும்.