ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பதுபோல்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் இருபத்தாறு வருடம் ஜாக்கெட் தைத்தவள் நான். விவரம் தெரிந்த பெண்கள் ஜாக்கெட்டை வாங்கியதும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பார்கள். தையலுக்கு எவ்வளவு துணி விட்டிருக்கிறது, ஓரத்தில் பிசிறு வருகிறதா, நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்துவிட இடம் இருக்கிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். முட்டிவலி வந்து பெடலை விட்டபின், மரப்பலகையில் டிசைன் வெட்டும் ஸ்க்ரோல் சா மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். நாலு வருடம் ஆகிறது. இங்கேயும் அதே பழக்கம்தான். யாராவது ஒரு வேலையைக் கையில் கொடுத்தால் என் விரல் தானாக அதைக் கவிழ்த்துப் பின்பக்கத்தைத் தடவுகிறது.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு தகரக் கொட்டகை. மாதத்தில் இரண்டாவது ஞாயிறு ஆறேழு பேர் அங்கே கூடுகிறோம். பெரம்பூர் லோகோ ரயில் பணிமனையில் ரிடையரான அண்ணன், காசிமேட்டில் படகு வேலை பார்க்கும் தம்பி, திருவொற்றியூரிலிருந்து வரும் கல்லூரிப் பெண், இப்படி. செய்ததைக் காட்டுவோம், டிசைனைக் கொடுத்து வாங்குவோம். அதை எப்படிச் செய்தால் அடுத்தவருக்கு உதவும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

மெஷினைப் பார்க்காதவர்களுக்கு: தையல் மெஷினில் ஊசி இருக்கும் இடத்தில் 5 அங்குல நீளத்தில் முடி மாதிரி மெல்லிய பிளேடு, மேலும் கீழும் ஓடும். பலகையை நாம் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். துணியை நகர்த்தும் பல் கீழே கிடையாது, எல்லாம் நம் கைதான். இன்னொரு வித்தியாசம், தப்பாகப் போனால் பிரித்துத் தைக்க முடியாது.

முதலில் என்ன கொண்டுவருவது. பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருக்கும் ஒன்றை மட்டும் கொண்டுவந்தால் "நல்லா இருக்கு" என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல முடியாது. கூடவே உடைந்துபோன முதல் பிரதியையும் கொண்டுவாருங்கள். வெட்டி விழுந்த துண்டுகளில் நாலைந்தை ஒரு கவரில் போடுங்கள். தையல் கடையில் எங்கள் கட்டிங் மாஸ்டர் அளவுக் காகிதத்தை யார் கண்ணிலும் காட்ட மாட்டார். சாயங்காலம் பெருக்கும்போது குப்பையில் கிடந்த துணித் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்துத்தான் கைக்குழி எப்படி வளைகிறது என்று கற்றுக்கொண்டேன். வெட்டி எறிந்ததில்தான் பாதி வித்தை இருக்கிறது.

அப்புறம் சீட்டு. ஒவ்வொரு வேலையின் பின்னாலும் பென்சிலால் நாலு விஷயம் எழுதி வைக்கச் சொல்வேன்: என்ன மரம், எவ்வளவு கனம், எந்த நம்பர் பிளேடு, பிளேடு நுழைக்க உள்ளே எத்தனை ஓட்டை. கனத்தைக் கடைக்காரர் சொன்னபடி எழுதாதீர்கள். 6 மில்லிமீட்டர் என்று வாங்கிவந்த பிளைவுட்டை வெர்னியர் அளவுகோலில் அளந்தால் பல சமயம் அதற்குக் கீழேதான் காட்டும். ஒன்றுக்குள் ஒன்று சொருகும் வேலையில் அந்த அரை மில்லிமீட்டர் போதும், ஆட்டம் காண. பிளேடு நம்பர் ஏன் முக்கியம் என்றால், நம்பர் கூடக்கூடப் பிளேடு அகலம். 3 மில்லிமீட்டர் பிளைவுட்டில் நுணுக்கமான வளைவை நான் 3-ம் நம்பரில் வெட்டியிருப்பேன். வாங்கிப் போனவர் 7-ம் நம்பரைப் போட்டுவிட்டு "உங்க டிசைன்ல மூலை திரும்பவே மாட்டேங்குது அக்கா" என்பார்.

டிசைன் என்பது பலகை மேல் ஒட்டி வெட்டும் காகிதம். அதைக் கொடுப்பதில்தான் அதிகம் சறுக்குகிறோம். வெட்டி எடுக்க வேண்டிய இடத்தைப் பென்சிலால் நிரப்பிக் கொடுங்கள், அல்லது பெருக்கல் குறி போடுங்கள். வரைந்தவருக்கு எது மரம், எது வெற்றிடம் என்று தெரியும். வாங்குபவருக்கு வெறும் கோடுகள்தான் தெரியும். பிளேடு நுழைக்கும் ஓட்டைகளைப் புள்ளியாக வையுங்கள். எந்தக் கட்டத்தை முதலில் வெட்டுவது என்று எண் போடுங்கள். உள்வெட்டு எல்லாம் முதலில், வெளி விளிம்பு கடைசியில். உள்வெட்டிலும் மெல்லிசான இடம் கடைசியில். அதை முதலிலேயே வெட்டிவிட்டால், மிச்ச வேலை முழுக்க அது அதிர்ந்துகொண்டே இருக்கும். எப்போது ஒடியும் என்று தெரியாது.

காகிதத்தின் ஓரத்தில் 10 சென்டிமீட்டர் கோடு ஒன்று கண்டிப்பாக வரைந்துவிடுங்கள். போன வருடம் செல்போன் ஸ்டாண்டு டிசைன் ஒன்றை லோகோ அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் ஜெராக்ஸ் கடையில் எடுத்தார். கடைப் பையன் பழக்கத்தில் 'ஃபிட் டு பேஜ்' தட்டிவிட்டான், டிசைன் 94 சதவீதமாகச் சுருங்கியது. படம் சுருங்கினால் பரவாயில்லை, பலகை சுருங்குமா? 6 மில்லிமீட்டர் சொருகு இடம் 5.6 ஆகிவிட்டது. சுத்தியலால் தட்டினார், கால் பிளந்தது. கோடு மட்டும் இருந்திருந்தால் ஸ்கேலை வைத்ததும் 9.4 காட்டியிருக்கும். இப்போது கோட்டுக்குக் கீழே "இதை அளந்த பிறகு ஒட்டவும்" என்றே எழுதிவிடுகிறேன்.

இனி தமிழ் எழுத்து. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு டிசைன்களில் எவ்வளவு பழகியிருந்தாலும் இந்தச் சிக்கல் அங்கே பிடிபடாது. வீட்டு வாசலுக்கு "இல்லம்" என்று வெட்டித் தரச் சொல்லி யாராவது கேட்பார்கள். வெட்டி முடித்துத் தூக்கினால் 'ல்' மேலே இருந்த புள்ளியும் 'ம்' மேலே இருந்த புள்ளியும் தரையில் கிடக்கும், கையில் "இலலம". மெய்யெழுத்து வரும் எல்லாச் சொல்லிலும் இந்தத் தொல்லை உண்டு. எங்கள் கூட்டத்தில் இதற்கு மூன்று வழி வைத்திருக்கிறோம். புள்ளிக்குக் கீழே 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் ஒரு கழுத்து வைத்து எழுத்தோடு சேர்ப்பது. எழுத்துகளுக்கு மேலே ஒரு பட்டை ஓடவிட்டு அதிலிருந்து புள்ளியைத் தொங்கவிடுவது. மூன்றாவது, பின்னால் வேறு நிறப் பலகை வைத்துப் புள்ளியைத் தனியாக ஒட்டுவது. எனக்குப் பட்டைதான் பிடிக்கும். கழுத்து வைத்தால் தூரத்திலிருந்து பார்க்க எழுத்துக்குக் கொம்பு முளைத்தமாதிரி இருக்கிறது. லோகோ அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார், அவர் கழுத்துக் கட்சி.

எழுத்தையே ஓட்டையாக வெட்டினால் தலைகீழ்ச் சிக்கல். புள்ளி பத்திரமாக நிற்கும், ஆனால் 'அ' போன்ற எழுத்தின் சுழிக்குள் இருக்கும் மரம் விழுந்துவிடும். அதற்கு உள்ளேயிருந்து வெளியே ஒரு சிறு பாலம் விட வேண்டும். அந்தப் பாலம் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே போகட்டும். ரேகைக்குக் குறுக்கே விட்ட பாலம் உப்புத்தாள் தேய்க்கும்போதே போய்விடும். டிசைனைக் கொடுக்கும்போது ரேகையின் திசையை அம்புக்குறியால் காட்டிவிடுங்கள். துணியில் நேர் நூல், குறுக்கு நூல் பார்த்து வெட்டுவதுபோலத்தான்.

2024-ல் வடசென்னைப் பெண் காசிமா அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தபோது, எங்கள் தெருப் பையன்கள் தங்கள் கிளப்புக்கு "கேரம்" என்று பெயர்ப் பலகை கேட்டார்கள். கடைசியில் நிற்கிறது பார்த்தீர்களா, 'ம்'. கழுத்தா பட்டையா என்று நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பொடியன் சிவப்புக் காயை எடுத்து 'ம' மேலே வைத்தான். அப்படியே ஒட்டிவிட்டோம். ஒட்டும் முன் காயின் பாலிஷை அடிப்பக்கம் 120-ம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பசை பிடிக்காது. முதல் தடவை தேய்க்காமல் ஒட்டி, மறுவாரமே பெட்டிக்கடை வாசலில் தேடி எடுத்தோம்.

சிக்குக் கோலம் வெட்டுகிறவர்களும் கவனியுங்கள். கம்பி, அதாவது கோலக் கோடு, புள்ளியைச் சுற்றித்தான் போகும், தொடாது. கம்பியை மரமாக விட்டால் புள்ளிகள் எல்லாம் உதிரும். புள்ளியை மறந்துவிட்டுக் கம்பியை மட்டும் வெட்டுங்கள். கம்பிகள் ஒன்றையொன்று தாண்டும் இடமெல்லாம் மரம் ஒட்டியே இருப்பதால் அது தானாகவே உறுதியாக நிற்கும். எனக்குத் தெரிந்து முதல் முதலாக வெட்ட இதைவிட நல்ல டிசைன் கிடையாது. அதோடு, யாரிடமும் அனுமதி கேட்கவும் வேண்டாம், நம் பாட்டிகள் வாசலில் போட்டது. காசு கொடுத்து வாங்கிய டிசைனை மட்டும் ஜெராக்ஸ் போட்டு விநியோகிக்காதீர்கள். வரைந்தவர் அதில்தான் சாப்பிடுகிறார். எங்கே வாங்கினோம் என்று சொன்னால் போதும்.

பின்பக்கத்தைப் பற்றி ஆரம்பத்திலேயே சொன்னேன். பிளேடு கீழே இறங்கும்போது அடிப்பக்கத்து நாரைக் கிழித்துக்கொண்டு போகும், அதுதான் பிசிறு. சில பிளேடுகளில் கீழ்ப்பகுதிப் பற்கள் சில மேல்நோக்கி இருக்கும், அவை பிசிறைக் குறைக்கும். பின்பக்கத்தைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். முன்னால் வட்டமாக இருப்பது பின்னால் கொஞ்சம் சிறுத்தோ பெருத்தோ இருந்தால் மெஷின் மேஜை சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். சோதிக்க, தடிமனான கட்டை ஒன்றில் லேசாக ஒரு வெட்டுப் போடுங்கள். மெஷினை நிறுத்திவிட்டுக் கட்டையைச் சுற்றிப் பிளேடின் பின்பக்கம் கொண்டுபோங்கள். பிளேடு அந்த வெட்டுக்குள் நேராக உட்கார்ந்தால் மேஜை சரி.

அடுத்தவர் வேலையைப் பற்றிப் பேசும்போது, கேட்டால் மட்டும் சொல்லுங்கள். சொன்னால் இடத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள். "ஃபினிஷிங் பத்தல" என்பது ஒரு பேச்சே இல்லை. "இந்த மூணாவது இதழ்ல பிளேடு வளைஞ்சிருக்கு, பிளேடு இறுக்கம் குறைவா இருந்ததா?" என்பது பேச்சு. புதிதாக வருகிறவர்களிடம் ஒன்றை முதல் நாளே சொல்லிவிடுங்கள்: இந்தப் பிளேடுகள் நேராக வெட்டாது. தயாரிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் சிறு மடிப்பு நின்றுவிடுவதால், அந்தப் பக்கமாகவே இழுக்கும். பலகையைச் சற்றுச் சாய்த்துத்தான் கொடுக்க வேண்டும். திருவொற்றியூர்ப் பெண் தனக்குக் கை நேராக வரவில்லை என்று இரண்டு மாதம் அழாத குறை. அதை யாரும் சொல்லாமல் விட்டது எங்கள் தப்பு.

மெஷினில் அடுத்தவரை உட்கார வைக்கிறீர்கள் என்றால், முந்தானை, துப்பட்டா இடுப்பில் செருகியிருக்கட்டும், வளையல் கழற்றட்டும், தலைமுடி கட்டியிருக்கட்டும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை வெட்டினால் எல்லோருக்கும் மாஸ்க். பிளேடு மாற்றும்போது பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

நம் பக்கம் கடற்காற்றில் பிளேடு ஒரு மழைக்காலம் தாங்காது. செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்து, இறுக்கமான மூடி உள்ள பாட்டிலில் பிளேடோடு போட்டு வைக்கிறோம். நண்பருக்குப் பிளேடு கொடுத்தால் பொட்டலத்தோடு கொடுங்கள். வேலையைத் தூக்கிவர பழைய காட்டன் புடவையில் சுற்றி, இரண்டு அட்டைக்கு நடுவே வைத்துக் கட்டுங்கள். எண்ணெய் பூசிய புதிதில் செய்தித்தாளில் சுற்றினால் அன்றைய தலைப்புச் செய்தி மரத்தில் அச்சாகிவிடும். வர முடியாதவருக்குப் படம் அனுப்புவதானால், காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வையுங்கள், அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர், அதை வைத்து மற்றதை அளந்துகொள்வார்கள். பின்பக்கத்துக்கும் ஒரு படம்.

கடைசியாக, நான் எப்போதும் நாலாக வெட்டுகிறேன். 3 மில்லிமீட்டர் பிளைவுட் நாலை அடுக்கி, ஓரம் முழுக்க டேப் சுற்றி, மேலே டிசைனை ஒட்டி, 5-ம் நம்பர் பிளேடில் மெதுவாக. டிசைனுக்கு அடியில் ஒரு வரிசை டேப் ஒட்டிவிட்டால் பிறகு காகிதத்தை உரிக்கச் சிரமம் இல்லை. மூன்றை உப்புத்தாள் தேய்க்காமல், பிசிறோடு, கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவேன். தேய்ப்பதும் பாலிஷும் அவர்கள் பாடு. நாலாவது என்னிடம் இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு யாராவது போன் செய்து "அக்கா, இடது பக்கம் ரெண்டாவது வளைவு ஒடிஞ்சிடுச்சு, எப்படி ஒட்டுறது?" என்று கேட்டால், அந்த வளைவைக் கையில் எடுத்துப் பார்த்துப் பதில் சொல்ல.