சுத்த சைவ ஓட்டலில் வீகனாகச் சாப்பிடுவது எப்படி?

கறி, மீனை விடுவது எளிது. நம்மூர் ஓட்டலில் நெய்யிடமிருந்து தப்புவதுதான் கஷ்டம்.

வீகனாக (பால், நெய், தேன் உட்பட விலங்குகளிடமிருந்து வரும் எதையும் சாப்பிடாதவராக; நனிசைவம் என்று தமிழில் அழகான சொல் இருக்கிறது) மாறிய புதிதில், ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் ஒரு சைவ ஓட்டலுக்குப் போனேன். “அண்ணா, நான் வீகன்” என்றேன். “இங்க எல்லாமே சுத்த சைவம்தான் சார், பயப்படாம சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு, நெய் மிதக்கும் சாம்பார் இட்லியைக் கொண்டுவந்து வைத்தார் சர்வர். அவர் மேல் தப்பே இல்லை. பாலும் நெய்யும் சைவம் என்பதுதான் இங்கே காலங்காலமான கணக்கு. பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளியும் அதே கணக்குதான்.

படி 1: நெய் எங்கே சேர்கிறது என்று பாருங்கள்

இது ஒன்று புரிந்தால் பாதி வேலை முடிந்தது. சில பலகாரங்களில் பால் பொருள் உள்ளேயே கலந்திருக்கும். சிலவற்றில் கடைசியில் மேலே விழும். உள்ளே கலந்ததை ஒன்றும் செய்ய முடியாது, விட்டுவிட வேண்டும். மேலே விழுவதை நிறுத்தச் சொல்லலாம்.

உள்ளே கலந்தவை: வெண்பொங்கல், கேசரி, பிசிபேளாபாத், பால் பாயசம், நான் ரொட்டி. அவியலில் தயிர் உண்டு. அடைக்குத் தொட்டுக்கொள்ள அதுதான் வரும் என்பதால் தேங்காய்ச் சட்னி கேளுங்கள். ரவா தோசை மாவை மோர் விட்டுக் கரைக்கும் இடங்கள் உண்டு. பரோட்டா மாவில் பால் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். இவை இரண்டையும் கேட்காமல் வாங்காதீர்கள்.

மேலே விழுபவை: தோசை, ஊத்தப்பம், மினி இட்லி, பொடி இட்லி, சப்பாத்தி. தோசைக்கல் பக்கம் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். மாஸ்டர் மாவைத் தேய்த்து எண்ணெய் விடுவார். தோசை சிவந்து, சுருட்டப் போகும் நேரத்தில்தான் இன்னொரு பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டி நெய் விழும். நாம் தடுக்க வேண்டியது அந்தக் கரண்டியை மட்டும்தான்.

கவலையே இல்லாமல் தொடங்க இட்லி, மெதுவடை, எலுமிச்சை சாதம், புளியோதரை போன்றவை இருக்கின்றன. இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால்தானா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 2: ‘வீகன்’ என்று சொல்லாதீர்கள், பொருளின் பெயரைச் சொல்லுங்கள்

“பால் சேர்த்திருக்கா?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும். நெய்யையும் தயிரையும் யாரும் அந்த நேரத்தில் பாலாக நினைப்பதில்லை. ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: “அண்ணா, இதில் நெய், வெண்ணெய், தயிர் ஏதாவது போடுவாங்களா? எனக்கு ஆகாது.” ‘ஆகாது’ என்ற சொல்லுக்கு இங்கே நல்ல மரியாதை. ஒத்துக்கொள்ளாதோ, விரதமோ, கொள்கையோ, யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள்.

ஆர்டரை இப்படிச் சொல்லுங்கள்: “ஒரு மசால் தோசை, எண்ணெயில். நெய் வேண்டாம். பொடி போட்டால் நல்லெண்ணெய்.” கூட்ட நேரம் என்றால் சர்வர் நகரும்போது “நெய் இல்லாம” என்று இன்னொரு தரம் சொல்லிவிடுங்கள். அப்புறம், கல் எல்லோருக்கும் பொதுதான். முந்தைய தோசையின் நெய் கொஞ்சம் ஒட்டியிருக்கும். நான் அதைப் பெரிதுபடுத்துவதில்லை; உங்களுக்குச் சரிப்படாது என்றால் ஆவியில் வெந்ததோடு நிறுத்திக்கொள்ளலாம்.

படி 3: மதியச் சாப்பாடு

இலை போட்டதும் முதல் வேலை, தயிர், மோர், பாயசக் கிண்ணங்களைத் திருப்பிக் கொடுப்பது. “இதை எடுத்துட்டு இன்னொரு பொரியல் வைங்கண்ணா” என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே வைப்பார்கள். பருப்புப்பொடி வந்த கையோடு நெய் வரும். இலைக்கு மேல் கையை நீட்டி மறைத்துவிடுங்கள். மோர்க்குழம்பு வேண்டாம், வத்தக்குழம்பு போதும். ரசம் நெய்யில் தாளித்ததா என்று கேளுங்கள்.

படி 4: பீட்சா, பர்கர் கடைகள்

இங்கே சர்வரை விட மெனு அட்டைதான் உதவும். 10 அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள உணவகங்கள் கலோரி அளவையும், பால், கோதுமை, சோயா போன்ற ஒவ்வாமைப் பொருள்களையும் தெரிவிக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. மெனுவில் இல்லையென்றால் “அலர்ஜன் பட்டியல்” என்று கேளுங்கள், அல்லது அந்த நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள். ‘பால்’ என்று போட்டிருந்தால் விட்டுவிடலாம். சீஸ் வேண்டாம் என்றால் மட்டும் போதாது. பன்னிலும் பீட்சா மாவிலும் சாஸிலும்கூட பால் இருக்கலாம். தேன் அந்தப் பட்டியலில் வராது, அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

வெளிநாட்டுப் பட்டியலை நம்பி இங்கே ஆர்டர் செய்யாதீர்கள். அமெரிக்க மெக்டொனால்ட்ஸில் உருளைக்கிழங்கு வறுவலில் மாட்டிறைச்சிச் சுவையும் பால் சார்ந்த பொருளும் உண்டு என்று அந்த நிறுவனமே குறிப்பிடுகிறது. இந்தியாவில் அதே பெயருள்ள பண்டம் சைவம். பெயர் ஒன்று, சேர்மானம் நாட்டுக்கு நாடு வேறு.

பாக்கெட்டில் வரும் பொருள்களுக்கு வீகன் முத்திரை தனியாக உண்டு: ஆங்கில ‘வி’ எழுத்தில் ஒரு குட்டி இலை. 2022-இல் வந்த விதி அது.

படி 5: போனில் குறித்து வையுங்கள்

கிளை ஓட்டல்களின் நல்ல குணம் இது: மாவும் குழம்பும் பெரும்பாலும் ஒரே பக்குவத்தில் இருக்கும். தாம்பரத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டது திருச்சியிலும் உதவும். ஆனால் கடைசிக் கரண்டி அந்தந்த மாஸ்டர் கையில் இருக்கிறது, அதை மட்டும் ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

காபிக்கு? சுக்குக் காபி பால் இல்லாமல் கிடைத்தால் அதுதான் என் முதல் தேர்வு. இல்லையென்றால் டிக்காஷனில் வெந்நீர் கலந்து தரச் சொல்வேன். போன வாரம் அப்படிக் கறுப்பாக டபராவில் வந்ததை எட்டிப் பார்த்த எதிர் மேஜைப் பெரியவர், “ஏன் தம்பி, பால் தீந்துபோச்சா?” என்றார், தன் டம்ளரைக் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டே.