அங்கோரா முயலுக்கு முடி வெட்டும்போது

நூல் நூற்கும் முடிக்காக வளர்க்கும் ஜெர்மன் அங்கோரா முயலின் முடி தானாக அவ்வளவாக உதிராது. 75 முதல் 90 நாளுக்கு ஒருமுறை வெட்டியே ஆகவேண்டும். தள்ளிப்போட்டால் சடை பிடிக்கும். உடம்பை நக்கும்போது விழுங்கும் முடி வயிற்றில் தங்கும். முயலால் வாந்தியெடுக்க முடியாது, அதனால் அடைப்பு உயிருக்கே ஆபத்து. காய்ந்த புல் எந்நேரமும் கூண்டில் இருக்கட்டும். தீனி குறைந்து, புழுக்கை சிறுத்து, முடியில் கோத்த மணிபோல வந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெட்டும்போது முடியைத் தூக்கிப் பிடிக்காதீர்கள். மெல்லிய தோல் முடியோடு எழும்பிக் கத்திரியில் மாட்டும். முதுகில் வகிடு எடுத்து, ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, கத்திரியைத் தோலோடு படுக்கவைத்து வெட்டுங்கள். பெண் முயலுக்கு வயிற்றுப் பக்கம் காம்புகளை விரலால் மறைத்துக்கொள்ள வேண்டும். ஒரே இடத்தில் மறுபடி வெட்டினால் விழும் துணுக்குகளைச் சேர்க்க வேண்டாம். நூல் முண்டும் முடிச்சுமாக வரும்.

5 செ.மீ.க்கு மேற்பட்ட முடியைத் தனியே அட்டைப்பெட்டியில் அமுக்காமல் வையுங்கள். சுத்தமாக இருந்தால் கழுவாமலே நூற்கலாம். வழுக்கும் முடி என்பதால் முறுக்கு கூடுதலாக வேண்டும். அங்கோராவில் மட்டும் பின்னிய ஸ்வெட்டர் தொங்கிப்போகும், போட்டவருக்கு வேர்த்தும் கொட்டும். மெரினோ ஆட்டுக் கம்பளி 70 பங்கு, அங்கோரா 30 பங்கு கலந்தால் போதும்.