வாட்ஸ்அப் குழுவில் பேசாதவர்களைப் பேச வைத்த மாற்றம்: என் அனுபவம்

திருப்பூர் பனியன் நிறுவனங்களில் வேலை செய்யும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களுடன் பங்கேற்பு ஆய்வுப் பட்டறை (ஆய்வில் பங்கேற்பவர்களே ஒன்றுகூடிப் பேசி, அதன் போக்கையும் தீர்மானிக்கும் முறை) நடத்தியபோது, ஷிப்ட் நேரங்கள் ஒத்துவராததால் உரையாடலை வாட்ஸ்அப் குழுவுக்கு மாற்றினோம். குழு அமைதியாகவே இருந்தது. அதில் எல்லோருடைய எண்களும் எல்லோருக்கும் தெரியும். ஆள் சேர்த்துவிடும் ஏஜென்ட் ஒருவரும் உள்ளே இருந்தார். அந்த நிலையில் ஓவர்டைம் கூலியைப் பற்றி யார் எழுதுவார்?

குழுவைக் கலைத்துவிட்டு, தொழிலாளர்களுடைய ஒப்புதலுடன் பிராட்காஸ்ட் லிஸ்ட் (ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் வசதி) அமைத்தோம். அதில் 256 பேர் வரை சேர்க்கலாம். அவர்களின் பதில்கள், செய்தியை அனுப்பிய நமக்கு மட்டுமே தனியாக வரும். ஆனால் நம் எண்ணைத் தம் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி சென்றடையும் என்பதால், முதலில் ஒவ்வொருவரையும் நேரில் சந்தித்துச் சேமிக்கச் செய்தோம்.

கேள்விகளை ஒடியாவிலும் இந்தியிலும் குரல் பதிவாக அனுப்பினோம். எழுதத் தயங்கியவர்கள் வேலை முடிந்து நீண்ட பதிவுகளாகப் பதிலளித்தார்கள். தனித்தனியாகப் பதில் வாங்குவது நேர்காணலே தவிர, பட்டறையாகாது. ஆகவே வந்தவற்றில் பெயரையும் அடையாளத்தையும் நீக்கி, மொழிபெயர்ப்பாளரின் குரலில் தொகுத்து, மறுபடியும் எல்லோருக்கும் அனுப்பி, எதை முதலில் பேசவேண்டும் என்று கேட்டோம். அவர்கள் முன்னிறுத்தியது கூலியை அன்று, தங்கும் அறையின் தண்ணீரை. ஆய்வின் வரிசையை அதன்படியே மாற்றினோம்.

பலர் தங்கும் அறையில் போனைப் பிறர் எடுத்துப் பார்ப்பதுண்டு என்பதால், 7 நாட்களில் செய்திகள் மறையும் அமைப்பை இயக்கினோம். டேட்டா ரீசார்ஜ் செலவை ஆய்வு நிதியிலிருந்தே கொடுத்தோம். அதைத் தொழிலாளர் தலையில் கட்டுவது நியாயமன்று.